குழாய் ஒழுகி ஏறிய தண்ணீர் பில்லை யார் கட்டுவது?

எப்போதும் வருகிற தண்ணீர் பில் திடீரென்று மூன்று மடங்காக வந்து நிற்கும்போது வாடகைக்கு இருப்பவர் "நான் ஒன்றும் அதிகமாகச் செலவு செய்யவில்லையே" என்பார், வீட்டுக்காரர் "மீட்டர் பொய் சொல்லுமா" என்பார், இரண்டு பேரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். நடுவில் எங்கோ ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். நான் பல வருடம் வாடகை வீட்டில் இருந்தவன், இப்போது ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவனும்கூட. இந்தச் சண்டையை இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். சண்டை பெரிதாவதற்குப் பெரும்பாலும் சட்டம் தெரியாதது காரணம் இல்லை. எப்போது ஒழுக ஆரம்பித்தது, எப்போது சொன்னார்கள், எப்போது சரிசெய்தார்கள் என்ற மூன்று தேதிகளும் யாரிடமும் எழுத்தில் இல்லாததுதான் காரணம். அந்தத் தேதிகளும் அன்றைய மீட்டர் ரீடிங்கும் கையில் இருந்துவிட்டால் மிச்சம் வெறும் கூட்டல் கழித்தல்தான்.

முதலில், அது கசிவுதானா?

பில்லைப் பார்த்தவுடன் யாருக்கும் போன் போட வேண்டாம். அந்த பில் எத்தனை நாளுக்கானது என்று பாருங்கள். சில சமயம் வழக்கமான 60 நாளுக்குப் பதில் 85 நாளுக்குச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அல்லது போன தடவை மீட்டரைப் பார்க்காமலே உத்தேசமாக ஒரு எண்ணைக் குறைவாகப் போட்டுவிட்டு இந்தத் தடவை உண்மையான ரீடிங் எடுத்திருப்பார்கள், பழைய பாக்கியெல்லாம் சேர்ந்து இப்போது வந்திருக்கும். மொத்த யூனிட்டை நாள் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பழைய பில்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதற்கப்புறமும் கூடுதலாகத் தெரிந்தால் மீட்டரிடம் போங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடுங்கள், துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் சுத்திகரிப்பான், தோட்டத்துக் குழாய் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மீட்டரில் எல்லா இலக்கங்களையும், கடைசியில் வேறு நிறத்தில் இருக்கிற சின்ன இலக்கங்களையும் சேர்த்து, போட்டோ எடுங்கள். பல மீட்டர்களில் ஒரு குட்டிச் சக்கரமோ முக்கோணமோ இருக்கும், சொட்டுத் தண்ணீர் போனாலும் அது மெல்லச் சுற்றும். ஒன்றிரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. இரவு படுக்கப் போகும் முன் ஒரு போட்டோ, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் ஒரு போட்டோ எடுத்தால் இன்னும் துல்லியமாக இருக்கும்.

மீட்டருக்கு அப்புறம் மேல்நிலைத் தொட்டி இருக்கிற வீடு என்றால் இந்தச் சோதனையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். தொட்டி நிரம்புகிற நேரத்தில் மீட்டர் ஓடத்தான் செய்யும், அதைக் கசிவு என்று நினைத்துப் பயந்துவிடக் கூடாது. தொட்டியை முழுக்க நிரப்பிவிட்டு, உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வால்வையும் மூடி, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் தொட்டியிலேயே கோளாறு. இறங்காவிட்டால், வெளியே போகும் வால்வை மட்டும் திறந்து, வீட்டில் எதையும் பயன்படுத்தாமல் மறுபடி பாருங்கள், இப்போது இறங்கினால் வீட்டுக்குள் போகிற குழாய்களில் எங்கோ ஒழுகுகிறது. மிதவை வால்வு பழுதாகி, நிரம்பிய பிறகும் தண்ணீர் வழிந்து போவதும் நடக்கும். அதை யாரும் இல்லாத நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கசிவு இருப்பது உறுதியானால் அது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள், பில் யாருடையது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேதான் கிடைக்கும். வீட்டுக்குள் வரும் முதன்மை வால்வை மூடுங்கள். அப்போதும் மீட்டர் சுற்றினால், மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில், பெரும்பாலும் மண்ணுக்கு அடியில், குழாய் உடைந்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதைக் கண்டிருக்கவே முடியாது. வால்வை மூடியதும் மீட்டர் நின்றுவிட்டால் பிரச்சினை வீட்டுக்குள். உள்ளே முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கைத்தான், ஏனென்றால் அது சத்தம் இல்லாமல், தரையை நனைக்காமல், நேராகச் சாக்கடைக்குள்ளேயே ஒழுகிவிடும். டேங்க்கில் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்துவிட்டு 10, 15 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் வந்துவிட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சொட்டுக் குழாய்மேல் பழி போடும் முன் கணக்குப் போடுங்கள்

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அநியாயம் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். "உங்கள் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, அதனால்தான் 40 யூனிட் கூடிவிட்டது, நீங்களே கட்டுங்கள்" என்பார்கள். ஒரு யூனிட் என்பது 1,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு. நாலு சொட்டு சேர்ந்தால் சுமார் ஒரு மில்லிலிட்டர். ஆக ஒரு நாளைக்கு 21, 22 லிட்டர். 60 நாள் விடாமல் சொட்டினாலும் சுமார் 1,300 லிட்டர்தான், ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 40 யூனிட் போக வேண்டுமானால் 60 நாளும் தினம் 660 லிட்டருக்கு மேல் போயிருக்க வேண்டும், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு மெல்லிய தாரை இரவும் பகலும் ஓடியிருக்க வேண்டும். அது சொட்டுக் குழாய் இல்லை. தொடர்ந்து ஓடுகிற ஃப்ளஷ் டேங்க்காகவோ, சுவருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ ஓட்டை விழுந்த குழாயாகவோதான் பெரும்பாலும் இருக்கும்.

ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை என்றால் ஊசி குத்திய மாதிரிதான் தெரியும். ஆனால் குழாயில் 4 பார் அழுத்தம் இருந்தால் அதன் வழியாக ஒரு நாளைக்குச் சுமார் 2,500 லிட்டர் போய்விடும். 10 மீட்டர் உயரத்துத் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் என்றால் அழுத்தம் சுமார் 1 பார், அப்போதும் அதில் பாதி அளவு போகும். எனவே கூடுதல் யூனிட்டை லிட்டராக மாற்றி நாளால் வகுத்துப் பாருங்கள், எந்தக் கசிவு குற்றவாளி என்று அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

யார் பொறுப்பு

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். உங்கள் ஊரின் வாடகைச் சட்டமும் நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும்தான் கடைசி வார்த்தை, ஆகவே ஒப்பந்தத்தை எடுத்து பழுது, தண்ணீர், கட்டணம் என்று வருகிற ஒவ்வொரு வரியையும் படித்துவிடுங்கள். பொதுவாகப் பல இடங்களில் இருக்கிற நடைமுறை இது: சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போகிற குழாய், முதன்மை வால்வு, தொட்டி, வீட்டோடு வந்த தண்ணீர் சூடேற்றி எல்லாம் உரிமையாளரின் பராமரிப்பு. வாஷர் தேய்ந்த குழாய் மாதிரியான சில்லறை வேலைகளை வாடகைக்கு இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். குடியிருப்பவரோ அவர் வீட்டுக்கு வந்தவரோ உடைத்தது என்றால் அது அவர் கணக்கு. குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போனதும் அப்படித்தான், அதற்குக் கசிவு என்று பெயரே இல்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழுது பார்க்கிற செலவு வேறு, வீணான தண்ணீரின் செலவு வேறு. "சின்னப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு" என்று எழுதியிருந்தால் அது வாஷர் மாற்றுவதைப் பற்றிய வரி. மூன்று மாதம் சுவருக்குள் ஓடிய தண்ணீருக்கான பில்லை அந்த வரியைக் காட்டி வாங்க முடியாது. அதேபோல "தண்ணீர்க் கட்டணம் குடியிருப்பவர் கட்டுவார்" என்ற வரி அவர் பயன்படுத்திய தண்ணீரைப் பற்றியது என்பதுதான் என் கருத்து. வீட்டுக்காரர்கள் இதை ஏற்க மாட்டார்கள், ஆனால் நான் வீட்டுக்காரனாக இருந்தும் இதைத்தான் சொல்கிறேன்.

பில் யார் பெயரில் வருகிறது என்பதும் தனிக் கேள்வி. தண்ணீர் வழங்குகிற அலுவலகம் பில்லில் பெயர் இருப்பவரிடம்தான் பணம் கேட்கும், உங்கள் சண்டை அவர்களுக்குத் தேவையில்லை. கெடு தேதி தாண்டினால் அபராதம், அப்புறம் இணைப்புத் துண்டிப்பு. அதனால் பில்லை யாராவது ஒருவர் கட்டிவிட்டு, "இது தகராறில் இருக்கிற தொகை, பிறகு கணக்குத் தீர்ப்போம்" என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிடுவது நல்லது.

பல வீடுகளுக்கு ஒரே மீட்டர் என்றால் பக்கத்து வீட்டு ஒழுகலும் உங்கள் பங்கில் ஏறியிருக்கும். ஒவ்வொரு வீட்டின் வால்வையும் தனித்தனியாக மூடிப் பார்க்கும்படி கேளுங்கள். எதையும் சோதிக்காமல் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சொன்ன தேதி

இது என் சொந்த அனுபவம். ஒரு வீட்டில் குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஈரம் பரவியது. உரிமையாளரிடம் போனில் சொன்னேன், "பார்க்கிறேன்" என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி போன், மறுபடி அதே பதில். பிளம்பர் வந்தபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. பில் வந்ததும் "நீங்கள் எப்போது சொன்னீர்கள், போன வாரம்தானே" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் ஞாபகம். என் கையில் ஒரு ஆதாரமும் இல்லை, முழுவதும் நான்தான் கட்டினேன். அந்த மாதம் பட்ட கஷ்டம் இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்வது, போனில் சொல்லுங்கள், பிறகு அதையே எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சல் இன்னும் நல்லது. இப்படி எழுதலாம்:

"ஐயா, வணக்கம். இன்று காலை குளியலறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரம் பார்த்தேன். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டர் ஓடுகிறது. இப்போதைய ரீடிங் 536, படம் இணைத்திருக்கிறேன். தண்ணீர் தேவைப்படாத நேரத்தில் முதன்மை வால்வை மூடி வைக்கிறேன். பிளம்பரை எப்போது அனுப்ப முடியும் என்று சொல்லுங்கள், நான் வீட்டில் இருந்து திறந்துவிடுகிறேன். சரிசெய்யும் வரை கூடுதலாக ஓடுகிற தண்ணீர் பற்றியும் பேசிக்கொள்ள வேண்டும்."

இதில் கோபம் இல்லை, ஆனால் தேதி, இடம், ரீடிங், படம், நீங்கள் எடுத்த நடவடிக்கை எல்லாம் இருக்கிறது. வால்வை மூடுகிற வரி முக்கியம், ஏனென்றால் கசிவு தெரிந்த பிறகு நஷ்டத்தைக் குறைக்க முயல வேண்டிய கடமை குடியிருப்பவருக்கும் உண்டு. தெரிந்தும் ஓடவிட்டால் அந்தப் பங்கை உங்கள் தலையில் கட்டுவது நியாயம்தான். வால்வு துருப்பிடித்துத் திரும்பவே இல்லை என்றால் அதையும் உடனே எழுதுங்கள், அது உரிமையாளர் பார்க்க வேண்டிய பழுது.

வீட்டுக்காரராக இருந்தால் அன்றே பதில் போடுங்கள். "பார்த்தேன், நாளை ஆள் வருவார்" என்று ஒரு வரி போதும். நாள் குறித்து ஆள் அனுப்பியும் கதவு திறக்கவில்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள், அந்தத் தாமதம் உங்களுடையது இல்லை.

பில்லைப் பிரிக்கும் கணக்கு

ஒரு உதாரணம் போடுகிறேன். பில் 60 நாளுக்கு. தொடக்க ரீடிங் 512. கசிவு இல்லாத பழைய பில்களின்படி இந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கு 0.4 யூனிட். 30-ஆம் நாள் ஈரத்தைப் பார்த்து எழுத்தில் சொன்னார்கள், அன்றைய ரீடிங் 536. 50-ஆம் நாள் சரிசெய்தார்கள், ரீடிங் 576. 60-ஆம் நாள் கடைசி ரீடிங் 580. மொத்தம் 68 யூனிட், வழக்கமாக ஆகியிருக்க வேண்டியது 24, ஆக கசிவில் போனது 44.

இப்போது அந்த 44-ஐத் தேதியால் பிரிக்க வேண்டும். முதல் 30 நாளில் ஓடியது 24, வழக்கம் 12, கூடுதல் 12. அடுத்த 20 நாளில் ஓடியது 40, வழக்கம் 8, கூடுதல் 32. சொன்ன பிறகு வீணான 32-உம் உரிமையாளர் பங்கு, இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சொல்வதற்கு முன் போன 12 பற்றித்தான் பேச்சு. சொன்ன பிறகு நாளைக்கு 1.6 யூனிட் வீதம் போயிருக்கிறது, அதே வேகத்தில் 12 யூனிட் போக ஏழெட்டு நாள் ஆகும், ஆகவே சுமார் 22-ஆம் நாள் கசிவு தொடங்கியிருக்கலாம். சுவருக்குள் இருக்கிற கசிவை ஒரு வாரத்தில் கண்டு சொல்லியிருக்கிறார் என்றால் அது கவனக்குறைவு இல்லை, குழாய் உரிமையாளருடையது, அந்த 12-உம் அவரே ஏற்பதுதான் முறை என்பேன். மாறாக, இரண்டு பில் தொடர்ந்து அதிகமாக வந்தும் யாரிடமும் சொல்லாமல் கட்டிக்கொண்டே இருந்துவிட்டு மூன்றாவது பில்லில் வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டால், முதல் பில்லைப் பார்த்த நாளிலிருந்து ஒரு பங்கை குடியிருப்பவர் ஏற்க வேண்டும்.

யூனிட்டைப் பணமாக மாற்றும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுகிற முறை பல இடங்களில் உண்டு. அங்கே மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து சராசரி எடுத்தால் கசிவின் விலை குறைவாகக் காட்டும். கட்டண அட்டவணையை எடுத்து 24 யூனிட்டுக்கு பில் எவ்வளவு வந்திருக்கும் என்று போடுங்கள், 68 யூனிட்டுக்கு வந்த பில்லிலிருந்து அதைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் கசிவின் விலை. நிலையான மாதக் கட்டணம் எப்படியும் வருவது, அது தானாகவே கழிந்துவிடும்.

தண்ணீர் பில்லோடு முடிவதில்லை

வெந்நீர்க் குழாய் ஒழுகினால் மின்சார பில்லோ எரிவாயு பில்லோ சேர்ந்து ஏறும். 1,000 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி சூடாக்கச் சுமார் 41 யூனிட் மின்சாரம் வேண்டும், அவ்வளவும் தரைக்கு அடியில் போய்விடும். யாரும் குளிக்காத நேரத்தில் சூடேற்றி தானாக ஓடுகிறதா, தரையில் ஒரு இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்கு மோட்டார் வைத்து ஏற்றுகிற வீட்டில், முன்பு நாளுக்கு ஒரு தடவை ஓடியது இப்போது மூன்று தடவை ஓடினால் அந்த மின்சாரமும் கசிவின் செலவுதான். மின் மீட்டர் ரீடிங்கையும் அதே மூன்று தேதிகளில் படம் எடுத்துவிட்டால் இதையும் மேலே சொன்ன மாதிரியே பிரித்துவிடலாம்.

பணம் பிரிப்பதற்கு முன் ஒரு கதவைத் தட்டுங்கள். கசிவால் ஏறிய பில்லுக்குத் தள்ளுபடி தருகிற ஏற்பாடு பல தண்ணீர் வழங்கும் அமைப்புகளிடம் இருக்கிறது. பெரும்பாலும் சரிசெய்ததற்கான பிளம்பர் ரசீது, படங்கள், முன்பின் ரீடிங் கேட்பார்கள், விண்ணப்பிக்கக் கெடுவும் இருக்கும். வீட்டுக்குள் வந்த தண்ணீரின் அளவை வைத்தே கழிவுநீர்க் கட்டணம் போடுகிற இடங்களில், மண்ணுக்குள் போன தண்ணீர் சாக்கடைக்கு வரவே இல்லையே என்று அந்தப் பகுதியைக் குறைக்கக் கேட்கலாம். ஃப்ளஷ் டேங்க் கசிவுக்கு இந்த வாதம் நிற்காது, அது சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது. விண்ணப்பம் பில்லில் பெயர் இருப்பவர் போட வேண்டியிருக்கும், ஆகவே இந்த ஒரு வேலையை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தாக வேண்டும். குறைகிற தொகையையும் முன்பு பிரித்த அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு முறிந்துபோனாலும் குடியிருப்பவர் தானாக முடிவெடுத்து வாடகையில் பிடித்துக்கொள்ள வேண்டாம். சட்டம் அதற்கு இடம் தராத ஊரில் அது வாடகை பாக்கி ஆகி, வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணத்தைக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உரிமையாளரும் கணக்கோ ரசீதோ காட்டாமல் முன்பணத்தில் கழித்துவிடக் கூடாது. கணக்குத்தாளையும் படங்களையும் ஒரே கடிதமாக அனுப்பி, பதிலுக்கு ஒரு தேதி கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வாடகைத் தகராறுகளைப் பார்க்கிற அமைப்போ சிறு தொகை வழக்குகளை எடுக்கிற நீதிமன்றமோ பல ஊர்களில் இருக்கிறது, அங்கே இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

புதிதாகக் குடிபோகிறவர்கள் சாவி வாங்குகிற அன்றே மீட்டரைப் படம் எடுங்கள், முதன்மை வால்வு எங்கே இருக்கிறது, கையால் திரும்புகிறதா என்று உரிமையாளர் முன்னாலேயே மூடித் திறந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் சேர்க்கச் சொல்லுங்கள்: கசிவு தெரிந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு எத்தனை நாளுக்குள் ஆள் வர வேண்டும், வராவிட்டால் குடியிருப்பவரே எவ்வளவு தொகை வரை பிளம்பரை அழைத்துச் செலவைத் திரும்பப் பெறலாம். எந்த உரிமையாளரும் இதைக் கேட்டுக் கோபப்பட வேண்டியதில்லை, இந்த வரிகள் அவரையும் காப்பாற்றும்.

கடைசியாக, பழுது பார்த்து முடித்ததும் பிளம்பரை அனுப்பிவிடாதீர்கள். எல்லாக் குழாயையும் மூடி, அவர் பக்கத்தில் நிற்கும்போதே அந்தக் குட்டிச் சக்கரத்தை ஒரு கால் மணி நேரம் பாருங்கள். அசையாமல் நின்றால் படம் எடுத்து, என்ன பழுது, எந்த இடம், என்ன மாற்றினார் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு காசு கொடுங்கள். இன்னும் சுற்றினால் இரண்டாவது கசிவு ஒன்று இருக்கிறது, அவரையே தேடச் சொல்லுங்கள்.